வெட்ட முடியாத பேர்

வணக்கம் ஐயா,

என் அம்மாயிக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. 1974இல் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தவர். நல்ல வாழ்க்கையைத் தேடித் தாயகம் திரும்பியவர், அங்கே பறித்த அதே கொழுந்தைத்தான் இங்கேயும் முப்பது ஆண்டுகள் பறித்தார். பாவம், அவர் ஏமாந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறேன். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரோப்பியர்களைப் பற்றிய நாவல்களை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? மலையகப் பேச்சுவழக்கு இங்குள்ளவர்களுக்குப் புரியுமா? கதையை எங்கே தொடங்குவது?

மா., கோவை

அன்புள்ள மா.,

இடிக்கப்போகும் எங்கள் பழைய வீட்டின் கொல்லையிலிருந்து என் அப்பாயியின் அம்மிக் குழவியை எடுத்து வந்து மேசையருகே வைத்திருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. என் அப்பாயியும் உங்கள் அம்மாயிக்கு ஓர் ஆண்டு முன்னால் அதே வழியில் வந்தவர்தான்.

பேச்சுவழக்கு புரியும், அந்தக் கவலையை விடுங்கள். ஐரோப்பியரையும் விடுங்கள். அந்தக் கப்பல்களில் எத்தனை பேர் ஏற வேண்டும் என்று இரண்டு பிரதமர்கள் முன்கூட்டியே பேசி முடித்திருக்கவில்லை.

‘தாயகம் திரும்பியவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் அடித்துவிடுங்கள். அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பேத்தி அப்படி எழுதக் கூடாது. உங்கள் அம்மாயி எங்கே பிறந்தார்? அவரைப் பெற்றவர் எங்கே பிறந்தார்? திருச்சிப் பக்கத்திலிருந்தோ சேலத்துப் பக்கத்திலிருந்தோ தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போன தலைமுறையை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஒருமுறையும் கால் வைக்காத மண்ணுக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

‘தேடி’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது; மிச்சமிருந்த 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எண்ணிக்கைதான் முதலில் வந்தது, விண்ணப்பப் படிவம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னபோதும், இலங்கையிலேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்தான் அதிகம். இந்தியா கேட்டவர்கள் ஒப்பந்தத்தில் குறித்த தொகையை எட்டவே இல்லை. கையெழுத்தான இரண்டு மாதத்துக்குள் புயல் வந்து தனுஷ்கோடியை அழித்துப் பழைய கப்பல் துறையையும் கொண்டுபோயிற்று. கடலே வழியை அடைத்த பிறகும், இராமேஸ்வரத்தில் துறை அமைத்து அவர்களைக் கொண்டுவந்தார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தபோது, எழுதிக் கொடுக்கத் தயங்கியவர்களும் பெட்டி கட்டினார்கள் என்பது உண்மைதான். மாவுக்கு வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பியவரை நல்ல வாழ்க்கை தேடியவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்களுக்கு நல்ல வாழ்க்கை என்று ஓர் எண்ணம் இருந்தது. அதை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் கோபம். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒருவரின் பெயர் மட்டுமல்ல. ஒரு நாள் கூலிக்கும் அதுதான் சொல். விடியுமுன் தப்புப் பறையின் சத்தம் கேட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு ஓடி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி, கணக்கப்பிள்ளை கேட்ட றாத்தல் எடைக் கொழுந்தைப் பறித்துப் போட்டால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். பிந்திப் போனால் விரட்டிவிடுவார்கள், அன்றைக்குப் பேரே இல்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் பேர் பதிந்தவருக்குத்தான் லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பிரா, அதாவது ஓர் அறை. வேலையிலிருந்து நிறுத்தினால், ‘பேர வெட்டிட்டான்’ என்பார்கள். வேலை போவதும் வீடு போவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். 1947 தேர்தலில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய பேரையும் நாட்டின் இடாப்பிலிருந்தே, அதாவது பெயர்ப் பதிவேட்டிலிருந்தே வெட்டின.

“எதுக்கு அப்பாயி இங்க வந்தீங்க?” என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டிருக்கிறேன். கொழுந்துக்கறை ஏறிய விரல்களைப் பார்த்தபடி, “யாரும் வெட்ட முடியாத ஒரு பேரு வேணும்னுதான்டா” என்றார்.

இங்கே அவருக்குக் கிடைத்தது எல்லாம் நல்லதல்ல. தாத்தாவுக்கு அரசு கொடுத்த வியாபாரக் கடனில் பாதியை முகாமில் ஒருவன் பேசியே வாங்கிக்கொண்டு போனான். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்களுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? கடைசியில், வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிலேயே அவரும் கூடை தூக்கினார். வேலைக்குக் கூப்பிட அங்கே தப்பு, இங்கே சங்கு. ஊர்க்காரர்கள் இன்றுவரை ‘சிலோன்காரி வீடு’ என்றுதான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்கிறார்கள். ஆனால் 1977இல் முதன்முதலாக ஓட்டுப் போட்டுவிட்டு, வைத்த மை காயும்வரை விரலை ஊதிக்கொண்டே அந்தச் சரிவில் அவர் இறங்கி வந்ததை நான் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். அன்று முழுக்க அவர் அந்தக் கையைத் தண்ணீரில் வைக்கவில்லை. சோறாக்கியது என் அம்மா.

அவர் ஏமாந்துவிட்டார் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பிறந்த நாளிலிருந்து உங்கள் பெயரை யாரும் எந்த இடாப்பிலிருந்தும் வெட்டியதில்லை. அதனால் அது ஒரு பொருட்டாகவே உங்களுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை உங்கள் வீட்டிலேயே இருக்கும்போது, நல்ல வாழ்க்கை கிடைத்ததா இல்லையா என்பதை அந்தக் கைக்கு உரியவரிடம் கேட்காமல் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

குழவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாயியின் அக்காள் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டவர். ஹட்டன் நிலையத்தில், ‘அழுகைக் கோச்சி’ என்று சனங்கள் பேர் வைத்த அந்த ரயிலில் தங்கையை ஏற்றிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். காம்பிராவில் இருந்த அம்மியைத் தூக்கிவர முடியாது என்பதால், சேலையில் சுற்றிக் குழவியை மட்டும் அப்பாயி கொண்டுவந்தார். கோத்தகிரிச் சந்தையில் வாங்கிய புது அம்மியில் அது ஒருநாளும் பொருந்தவில்லை. குழிந்த கல்லில் உருண்டு உருண்டு இரு முனையும் தேய்ந்த குழவி அது. தட்டைக் கல்லில் நடுப்பகுதி மட்டும்தான் படும். ஓரத்து மிளகாய் அரைபடாமல் கிடக்கும். அப்பாயி அதை விரலால் நடுவுக்குத் தள்ளித் தள்ளியே கடைசிவரை அரைத்தார். வேறு குழவி வாங்கவே இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை அம்மாயியின் பெட்டிக்குள் இருக்கும். அதை அவர் மடியில் விரித்து, இதில் யாருடைய பேர் இல்லை என்று கேளுங்கள். என் அப்பாயியின் அட்டையில் அக்காள் பேர் இல்லை.

கேட்டதை எனக்கு எழுதுங்கள். அம்மாயிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.