சாம்பல் கோழிக்குக் கறுப்புக் குஞ்சு ஏன்? இறகு நிறம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: நல்ல விலை கொடுத்துச் சாம்பல் நிறச் சேவலும் அதே நிறப் பெட்டையும் வாங்கி அடை வைத்தேன். பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஐந்துதான் சாம்பல். நான்கு கறுப்பு, மூன்று வெளிறிய வெள்ளையில் சாம்பல் திட்டுகள். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை, அவர்மீது பழி சொல்ல வேண்டாம். இந்தச் சாம்பல், தலைமுறை தலைமுறையாகத் தானே நிலைத்து நிற்கும் நிறமன்று. கறுப்பை வெளிறச் செய்யும் மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு சாம்பலாகிறது. இருவரிடமிருந்தும் வந்தால் உங்கள் திட்டு வெள்ளை. எவரிடமிருந்தும் வராவிட்டால் கறுப்பு. ஆகவே சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சராசரியாக நான்கில் இரண்டு சாம்பல், ஒன்று கறுப்பு, ஒன்று திட்டு வெள்ளை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியல் அறிஞர்களான பேட்சனும் பன்னெட்டும், இந்தச் சாம்பல் நிறத்துக்குப் பெயர்பெற்ற அண்டலூசியன் இனக் கோழிகளில் கண்டு விளக்கியது இதையே.

கறுப்பையும் திட்டு வெள்ளையையும் தயவுசெய்து கறிக்கு அனுப்பிவிடாதீர்கள். அவ்விரண்டையும் இணை சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்துமே சாம்பலாக இருக்கும். நீங்கள் தேடிய ஜோடி உங்கள் கூண்டிலேயே பிறந்திருக்கிறது. ஆனால் நல்ல அண்டலூசியனின் மார்பிறகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சாம்பல் பரப்பைச் சுற்றி மையால் வரைந்ததுபோல் கருமையான ஓரக்கோடு தெரியும். அந்தக் கோட்டை இந்த ஒரு மரபணு மட்டும் தந்துவிடாது என்பதால், அது தெளிவாக விழும் குடும்பத்திலிருந்தே கறுப்புத் துணையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வெள்ளை லெகார்ன் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டபோது எல்லாக் குஞ்சுகளும் வெள்ளை. வேறொரு வெள்ளைச் சேவலை விட்டபோது ஒன்றுகூட வெள்ளை இல்லை. இது எப்படி?

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு வெள்ளைகள் மரபில் வெவ்வேறானவை. லெகார்னின் வெள்ளை ஓங்கு தன்மையுள்ளது. அதன் மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே கறுப்பை மறைத்துவிடும். உங்கள் வெள்ளைக் குஞ்சுகள் வளர்ந்தபின் உற்றுப் பாருங்கள், ஆங்காங்கே ஓரிரு கரும்பொட்டுகள் இருக்கக்கூடும். (இதே மரபணு சிவப்பை அந்த அளவுக்கு அழிப்பதில்லை.) இரண்டாவது சேவலின் வெள்ளை ஒடுங்கு தன்மையுள்ளது, இரு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். எனவே அதன் குஞ்சுகள் நிறத்தோடு பிறந்தாலும் ஒவ்வொன்றும் அந்த வெள்ளைக்கான மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்கிறது. நிறமுள்ள ஒரு கோழி ஒடுங்கிய வெள்ளையைச் சுமக்கிறதா என்று அறிய, அதை அத்தகைய வெள்ளைக் கோழியோடு சேருங்கள். ஏழு குஞ்சுகளும் நிறத்தோடு வந்தால், அது இன்னும் சுமப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. சுமக்கும் கோழிக்கு அப்படி அமைவது 128-இல் ஒரு முறைதான்.

கேள்வி: வரி இறகுள்ள பிளைமவுத் ராக் இனக் கோழியின் கலப்பில் முதல் நாளே சேவல், பெட்டை பிரிக்கலாமா?

பதில்: பிரிக்கலாம், ஆனால் இணை சேர்க்கும் திசை முக்கியம். தாய் வரியுள்ளதாகவும், தந்தை வரியற்ற கறுப்பாகவும் இருக்க வேண்டும். வரிக்கான மரபணு, குஞ்சு சேவலா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் (Z) என்னும் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றே உண்டு, அதையும் தாய் தன் மகன்களுக்கே தருகிறாள். ஈரம் காய்ந்ததும் குஞ்சின் உச்சந்தலையைப் பாருங்கள்: கறுந்தூவியின் நடுவே வெண்பொட்டு இருந்தால் சேவல், முழுக்கறுப்பென்றால் பெட்டை. தந்தையை வரியுள்ளதாக மாற்றிவிட்டால் மகன், மகள் இருபாலிலும் வரி வந்துவிடும், அப்போது இந்த அடையாளம் பயன்படாது. ஓங்கு வெள்ளை கலந்த சேவலையும் தவிர்க்கவும்; அது பொட்டையே மறைத்துவிடும்.

கேள்வி: தீவனத்தை மாற்றி இறகு நிறத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியாது. மக்காச்சோளத்தில் உள்ள மஞ்சள் நிறமி, மஞ்சள் தோல் கொண்ட இனங்களின் காலையும் அலகையும் அடர்மஞ்சளாக்கும்; அதனால் கறுப்புக் கோழி சாம்பலாகிவிடாது.