முதல் தொகுதியில் நழுவிய ஈயம்

கேள்வி: உப்பிலுள்ள உலோகத்தைக் கண்டறியும் உப்புப் பகுப்பாய்வில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தபோது வீழ்படிவு (கரையாமல் பிரியும் திண்மம்) வராததால் முதல் தொகுதி இல்லை என்று எழுதினேன். இரண்டாம் தொகுதியில் கறுப்பு வீழ்படிவு வந்ததும் தாமிரம் என்று முடிவு செய்தேன். விடை ஈயமாம். ஒரே உலோகம் இரண்டு தொகுதிகளில் எப்படி வரும்?
– இளங்கலை வேதியியல் மாணவி, மதுரை

பதில்: சேர்க்கும் வினைப்பொருளுடன் எந்த உப்பு கரையாமல் நிற்கிறது என்பதை வைத்துத்தான் தொகுதி பிரிக்கிறோம். வெள்ளி குளோரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம் மட்டுமே கரையும். ஈய குளோரைடோ 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 10 கிராமும், கொதிநீரில் 33 கிராமும் கரைந்துவிடும். ஆகவே கரைசல் நீர்த்திருந்தாலோ சூடாக இருந்தாலோ ஈயம் முதல் தொகுதியில் தலைகாட்டாமலே போகலாம். வெள்ளையாக வீழ்ந்தாலும் மிச்ச ஈயம் வடிநீரோடு இறங்கி, இரண்டாம் தொகுதிக்காக ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தும்போது, அநேகமாகக் கரையவே கரையாத கறுப்பு ஈய சல்பைடாக அகப்படும்.

தாமிரம் என்று எழுதுமுன் மூலக் கரைசலின் நிறத்தைப் பார்த்தீர்களா? நீலமோ பச்சையோ இல்லாத கரைசலில் தாமிரத்தைச் சந்தேகிப்பதே வீண். கறுப்பு வீழ்படிவைச் சூடான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் சேருங்கள்: வெள்ளை வீழ்படிவு வந்தால் ஈயம், வராவிட்டால் அமோனியாவை மிகுதியாக விட்டுப் பாருங்கள், அடர்நீலம் தோன்றினால்தான் தாமிரம்.

ஈயத்தை உறுதிசெய்ய எனக்குப் பிடித்தது அயோடைடு சோதனை. மூலக் கரைசலில் சில துளி பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் வீழ்படிவு வரும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் அது நிறமின்றிக் கரைந்துவிடும். சோதனைக்குழாயைக் குழாய்நீரில் காட்டிக் குளிரவைக்கையில் பொன்தூள் போன்ற செதில்கள் மின்னிச் சுழன்றபடி இறங்குவதை ஒருமுறை பார்த்தவர் ஈயத்தை மறக்கமாட்டார். அந்தக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிக் குடுவையில் சேருங்கள், ஈயம் நஞ்சு.

கேள்வி: மூன்றாம் தொகுதிக்கு முன் அடர் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவைப்பது ஏன்?
– மேல்நிலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: இரும்புக்காக. இரண்டாம் தொகுதியில் செலுத்திய ஹைட்ரஜன் சல்பைடு இரும்பின் ஃபெரிக் (Fe³⁺) அயனியை ஃபெரஸாக (Fe²⁺) ஒடுக்கிவிடும். மூன்றாம் தொகுதிக்கு அம்மோனியம் குளோரைடும் அமோனியாவும் சேர்க்கிறோம்; அம்மோனியம் குளோரைடு இருக்கும்போது ஃபெரஸ் ஹைட்ராக்சைடு முழுமையாக வீழ்படியாது. நைட்ரிக் அமிலம் ஃபெரஸை மீண்டும் ஃபெரிக்காக ஆக்குகிறது. அதற்கு முன் ஹைட்ரஜன் சல்பைடு முழுவதையும் கொதிக்கவைத்து வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் அமோனியா விட்டதும் நான்காம் தொகுதி சல்பைடுகளும் சேர்ந்து வீழ்ந்துவிடும். ஆவியில் ஈய அசிட்டேட் தாளைக் காட்டுங்கள். அது கறுக்காத பிறகே நைட்ரிக் அமிலத்தை எடுங்கள்.