லேசரை வைத்து வெப்பம் அளக்கும் படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, பி.எஸ்சி. பிசிக்ஸ் இரண்டாம் ஆண்டு முடித்த உங்கள் மகள், மெல்லிய படலங்களில் வெப்பம் எப்படிக் கடக்கிறது என்று ஆராயப் போவதாகச் சொல்கிறாள். அது என்ன படிப்பு, அதை நம்பி யார் வேலை கொடுப்பார்கள், உங்கள் மைத்துனர் சொன்ன பெரிய பெயர் ஆய்வகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிலிக்கானில் வெப்பத்தைச் சுமப்பவை அணுக்களின் அதிர்வுகள். கட்டியாக இருக்கும்போது சிலிக்கான் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். அதையே சில பத்து நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குக் கொண்டுவந்தால், அதிர்வுகள் இரு பரப்புகளிலும் மோதிச் சிதறி, கடத்துதிறன் பல மடங்கு குறைந்துவிடும். இன்றைய சிப்புகளில் இந்த அளவுப் படலங்கள் நிறைய உண்டு. பாடப்புத்தக எண்ணை நம்பினால் கணக்கு தப்பிவிடும், அளந்துதான் ஆக வேண்டும். ஆனால் அதில் எந்தத் தெர்மாமீட்டரைச் செருகுவது?

அதற்குத்தான் லேசர். படலத்தின் மேல் சுமார் 100 நானோமீட்டருக்கு அலுமினியம் பூசுவார்கள். ஒரு லேசர் துடிப்பு அதைச் சூடாக்கும். பின்னால் வரும் இன்னொன்று, அலுமினியம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கும். சூடு ஒரு டிகிரி மாறினால் அந்த அளவு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மாறும். இரண்டாவது துடிப்பைத் தாமதப்படுத்தும் வழி எனக்கு மிகவும் பிடித்தது: தண்டவாளத்தில் ஒரு கண்ணாடியை 15 செ.மீ. நகர்த்தினால் ஒளி போய்வர 30 செ.மீ. கூடும், அதாவது 1 நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) தாமதம். சூடு தணியும் வேகத்தைக் கணினி மாதிரியோடு பொருத்திக் கடத்துதிறனைக் கண்டுபிடிப்பார்கள். இதற்கு வழிகாட்டிய 1986-ஆம் ஆண்டு ஆய்வு, கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வகத்தில் நடந்தது!

வேலை விஷயத்துக்கு வருகிறேன். போரான் ஆர்சனைடு என்ற சேர்மம் வெப்பத்தை அபாரமாகக் கடத்தும் என்று 2013-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நல்ல படிகம் வளர்த்து, 2018-ல் அமெரிக்காவில் மூன்று குழுக்கள் அளந்து காட்டின. செம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சிப் சூட்டைத் தணிக்க அலைபவர்களுக்கு இது பெரிய செய்தி. புது வகை ஹார்டு டிஸ்க்குகளிலோ, எழுதும் இடத்தை லேசரே ஒரு கணம் சூடாக்குகிறது. அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவாமல் இறங்கிவிட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில்தான் இந்த ஆட்களைத் தேடுகிறார்கள்.

ஆனால் ‘படல வெப்பம்’ என்ற பெயரில் விளம்பரம் வராது. தெர்மல் என்ஜினியர், மெட்ராலஜி (அளவீட்டியல்), ஆப்டிக்ஸ் (ஒளியியல்) என்றுதான் வரும். அதனால் மகள் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியது ஆய்வுத் தலைப்பை அல்ல: லேசரை நேர்ப்படுத்தும் பழக்கம், இரைச்சலுக்குள் புதைந்த சின்ன சிக்னலைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர், கணினி மொழியான பைத்தான், அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கும் என்று சொல்லும் நேர்மை. இவை எல்லாவற்றையும் வெறும் தியரி ஆய்வில் கற்க முடியாது.

பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். எம்.எஸ்சி.க்கு ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு. அப்புறம் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023-லிருந்து மாதந்தோறும் ரூ.37,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆய்வுக் காலத்துக்கு நீங்கள் கடன் வாங்கத் தேவையில்லை.

நெறியாளரைத் தேர்வு செய்வதில்தான் கவனம் வேண்டும். இந்த அளவீட்டுக்கான, மிகக் குறுகிய துடிப்புகளைத் தரும் ஃபெம்டோநொடி லேசர் விலை கோடியைத் தொடும். பழுதானால் மாதக்கணக்கில் தூங்கும். சேருவதற்கு முன் அங்குள்ள சீனியர்களிடம் மகள் கேட்கட்டும்: லேசர் இப்போது ஓடுகிறதா, கெட்டால் யார் சரிசெய்கிறார்கள், கடைசியாக முடித்தவர் எத்தனை வருடம் எடுத்தார்? பதில் மழுப்பலாக வந்தால், எவ்வளவு பெரிய கல்லூரியானாலும் அந்தக் குழு வேண்டாம். உங்கள் மைத்துனர் சொன்ன பெரிய பெயர் ஆய்வகத்துக்கும் இதே கேள்விகள்தான்.

ஜாம் தேர்வு பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், இப்போதே சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்.