குறைந்த சுமை, நீண்ட பாதை

கேள்வி: பல நாடுகள் வழியாகத் தனியாகச் சைக்கிளில் செல்ல விரும்புகிறேன். மிகக் குறைந்த பொருள்களுடன் இது சாத்தியமா?

பதில்: நிச்சயமாகச் சாத்தியம். 1884-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் மிகப் பெரிதான பழங்காலச் சைக்கிளில் கிளம்பி, 1886-இல் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை நிறைவுசெய்த தாமஸ் ஸ்டீவன்ஸ், மாற்றுச் சட்டை, காலுறைகள், கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவற்றோடுதான் புறப்பட்டார். உங்களுக்கும் இரண்டு செட் உடைகள் போதும். துவைத்ததைப் பையின் மேல் கட்டிக் காயவைத்தபடியே ஓட்டலாம். ஆனால், பழுதுபார்க்கும் பொருள்களில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். சுமையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் இறங்குவதால், ஸ்போக்ஸ் கம்பி பெரும்பாலும் அங்கேதான், அதுவும் செயின் ஓடும் பக்கத்தில்தான் உடையும்; பின்பக்கப் பல்சக்கரங்களைக் கழற்றும் சிறு கருவி இல்லாவிட்டால், மாற்றுக் கம்பி கையில் இருந்தும் அதை மாட்ட முடியாமல் சாலையோரத்தில் நிற்க நேரும். விசா நாள்களையும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் குறுகியகால விசாவில் எந்த 180 நாள்களிலும் மொத்தம் 90 நாள்களே தங்கலாம். மிதித்துச் செல்பவருக்கு அது விரைவில் கரைந்துவிடும். தனியாகச் செல்வதால், அன்றன்று இரவு தங்கும் இடத்தை வீட்டாருக்குத் தவறாமல் தெரிவித்துவிடுங்கள்.