சொப்பு சாமானுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேணுமா?

கேள்வி: அண்ணாச்சி, நமக்குப் பொறந்த ஊரு புளியரை, கட்டிக்குடுத்தது புனலூர்ல. சின்னப்புள்ளைல குத்தால சீசனுக்குப் போனா அப்பா ஓலைப்பெட்டியோட அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் வாங்கித் தருவாங்க, அந்த நெனப்புல ரெண்டரை வயசு மகளுக்கு ஆன்லைன்ல ஒரு செட் 1,450 ரூவாய்க்கு வாங்குனேன். அரக்குச் சாயம்னு போட்டிருந்துச்சு, ஆனா ஈரத்துணிய வச்சுத் தொடச்சா செவப்பு ஒட்டுது, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்ல. முத்திரை இல்லாத பொம்மைய விக்கவே கூடாதுங்காங்க எங்க வீட்டுக்காரங்க. ஏமாந்துட்டேனா?

பதில்: முத்திரை இல்லங்கத மட்டும் வச்சு அப்படிச் சொல்ல முடியாது தங்கச்சி. மாப்பிள்ளை சொல்றது பாதி சரி, 2021 ஜனவரி 1-லேருந்து 14 வயசுக்குட்பட்ட பிள்ளைங்க பொம்மைக்கு ஐஎஸ்ஐ கட்டாயம்தான், ஆனா கைவினைத் துறை ஆணையர்ட்ட பதிஞ்ச கைவினைஞர் செஞ்சு விக்கிறதுக்கும் புவிசார் குறியீடு வாங்குன பொம்மைக்கும் விலக்கு உண்டு. விலக்குன்னா பரிசோதிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல, நாமதான் பாத்துக்கிடணும்.

எனக்கு இடிக்கிறது அந்தச் செவப்புதான். நம்மூர் சாமான்ல சாயத்த பிரஷ் வச்சு அடிக்கிறதில்ல. கடைசல் மெஷின்ல மரம் சுத்திக்கிட்டு இருக்கும்போதே கலர் அரக்குக் குச்சிய அழுத்திப் பிடிப்பாங்க, உரசுற சூட்டுல அரக்கு உருகி மரத்தோட பிடிச்சுக்கிடும். முன்னாடி மஞ்சக்கடம்பு மரம், இப்ப கெடைக்கிற மரத்துல செய்றாங்க, அது பெரிய தப்பில்ல. ஆனா அரக்கு தண்ணிக்குக் கரையாது. ஈரத்துணில ஒட்டுதுன்னா அது அரக்கு வேலை இல்ல, மேலாப்புல பூசுன ஏதோ சாயம். பிள்ளை வாய்ல வைக்கும், குடுக்காதீய.

துணில ஒட்டுனத போட்டோ எடுங்க, அரக்குன்னு போட்டிருந்த பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு அந்த சைட்டோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க.

அடுத்து வாங்குறது அசல் அரக்காவே இருந்தாலும் சானிடைசர் போட்டுத் தொடச்சிராதீய, ஸ்பிரிட்டுக்கு அரக்கு கரையும், பிசுபிசுன்னு ஆயிரும். வெயில்ல நிக்கிற கார்லயும் போட்டு வைக்காதீய. உலக்கை, கரண்டி, குழவி மாதிரி வாய்க்குள்ள முழுசாப் போற சாமான எல்லாம் மூணு வயசு தாண்டுற வரைக்கும் எடுத்து ஒளிச்சு வைங்க, இப்போதைக்கு நடைவண்டி போதும்.

சீசன்ல ஊருக்கு வரத்தான செய்வீய? கைல ஈரக் கைக்குட்டையோட வந்து நேர்ல தேய்ச்சுப் பாத்து வாங்குங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைச்சுட்டுப் போறார். அட்டைப்பெட்டில போட்டுக் குடுத்தா நான் வாங்க மாட்டேன், ஓலைப்பெட்டிதான் வேணும்பேன், அது என் கிறுக்கு.