ஓடுகாலி ரத்தமா?

மேடம்,

எனக்கு வயது 31. தேவகோட்டைப் பக்கம். ஏழு வருடத்தில் ஐந்து வேலை, நாலு ஊர். எங்கும் சண்டை இல்லை. ஒன்றரை வருடம் ஆவதற்குள் மூச்சு முட்டும், கிளம்பிவிடுவேன். போன மாதம் கோயம்புத்தூர் வேலையையும் விட்டேன். அப்பத்தா சொன்னார்: "எங்க ஆத்தா ரத்தம். ஓடுகாலி ரத்தம்."

வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) வரிசையாகப் படங்கள். அந்தக் கொள்ளுப்பாட்டி படம் மட்டும் கிடையாது. கல்யாணமான மறு வருடமே, யாரிடமும் சொல்லாமல் குன்றக்குடியில் பழனி நடைக் கூட்டத்தோடு சேர்ந்து போய், மாசிக் கடைசியில்தான் வீடு வந்தாராம். கணவர் ரங்கூன் கடையில் அடுத்தாள் (உதவியாளர்). 1941 டிசம்பரில் அங்கே குண்டு விழுந்த பிறகு ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. வெள்ளைச் சேலை கட்டச் சொன்னார்கள்; மாட்டேன் என்றிருக்கிறார். போர் முடிந்ததும் நாகப்பட்டினம், சென்னை, தனுஷ்கோடி என்று ஒரே சுற்றல். அப்பத்தாவை ஆயா (தாய்வழிப் பாட்டி) வீட்டில் விட்டுவிட்டுப் போவாராம். அப்பத்தாவுக்கு ஏழு வயதிருக்கும்போது போனவர், திரும்பவே இல்லை.

இப்போது வரன் பார்க்கிறார்கள். நானும் ஒரு பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போய்விடுவேனோ?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழிக்கு,

ரத்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கொள்ளுப்பாட்டியிடமிருந்து வந்தது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு யாருடையது என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை! ஓரிடத்தில் உட்காராத சுபாவம் ஓரளவு வழிவழியாக வரலாம். பிள்ளையை விட்டுப் போகும் முடிவு அப்படி வருவதில்லை.

நாகப்பட்டினம், சென்னை, தனுஷ்கோடி. மூன்றும் அன்று கப்பல் வந்த ஊர்கள், கவனித்தீர்களா? ஆள் செத்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத துக்கத்துக்குப் பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். அதற்கு வெள்ளைச் சேலை கட்டி முடிவு வைக்க முடியாது. தேடித்தான் போனார் என்று சாதிக்க மாட்டேன். பழனிக்கு நடந்தது அதற்கும் முன்னால். தேடலும் சுபாவமும், இரண்டும் இருந்திருக்கும். அதே வீட்டு ஆண்கள் மூன்று மூன்று வருடம் கடல் தாண்டிப் போனபோது, 'கொண்டுவிக்கப் போயிருக்காக' என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னோம்.

அதற்காக அவரைப் பூப்போட்டுக் கும்பிடவும் வேண்டாம். முகப்புத் திண்ணையில் ஏழு வயசுப் பிள்ளை ஒன்று காத்துக்கிடந்தது. நீங்கள் பையைத் தூக்கும்போதெல்லாம் திட்டுவது அந்தப் பிள்ளைதான்.

உங்கள் விஷயம்: வேலையை விடும் முன்னால் பல நாள் தூக்கமே தேவைப்படாமல், கண்டபடி செலவு செய்துகொண்டு திரிகிறீர்களா? சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்கவிடாமல் கவனம் சிதறுகிறதா? ஆமென்றால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இல்லையென்றால், வருகிற வரனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் ஊர் மாறுகிற ஆள் என்று. மறைத்துக் கட்டிக்கொண்டால்தான் மூச்சு முட்டும்.

அப்பத்தாவிடம் அவர் ஆத்தாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைசியாக ஆத்தா போன அன்றைக்கு உங்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். அழுதால், எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.