சரளை, செம்மண், முள்: சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். மலையும் மரமும் கண்ணில் படுகிற மாதிரி, ஒரே நாளில் போய்த் திரும்ப மண் பாதை எங்கே இருக்கிறது? (வாசகர், அம்பத்தூர்)

நம் ஊரில் கிராவல் என்றால் மனைக்கு லாரியில் கொட்டுகிற செம்மண்தான். உங்கள் சைக்கிளும் அதில் ஓடத்தான் பிறந்தது, பெயர் பொருத்தம் சரியாகவே இருக்கிறது.

செங்குன்றம், பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போங்கள். அதுவரை தார்ச்சாலைதான், லாரி நடமாட்டமும் உண்டு. அதனால் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிவிடுவது நல்லது. ஊத்துக்கோட்டை தாண்டினால் ஆந்திர எல்லை. சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளி அங்கேதான். வடமேற்கே தெரிவது நாகலாபுரம் மலைத்தொடர். கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் வரும் கால்வாய் இந்தப் பக்கம்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. எல்லையிலிருந்து பூண்டி ஏரி வரை கால்வாயின் நீளம் சுமார் 25 கி.மீ. கரையோரமாகவும் கிராமங்களுக்கு இடையிலும் மண் பாதைகள் ஓடுகின்றன. பூண்டியிலிருந்து திருவள்ளூர் பக்கம்தான்.

கரை நீர்வளத் துறையுடையது. கேட் பூட்டியிருந்தாலோ, காவலர் வேண்டாம் என்றாலோ ஊர்ச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். தண்ணீர் ஓடும்போது விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். சரிவில் பாவிய கான்கிரீட்டில் பாசி படிந்திருக்கும், உள்ளே வழுக்கி விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் ஏறுவது கஷ்டம். முகம் கழுவக்கூட இறங்க வேண்டாம். மழை பெய்த மறுநாளும் போகாதீர்கள். களிமண் டயரில் அப்பி ஃபோர்க்கில் அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் காய்ந்தால் போதும்.

கேள்வி: ஒரே நாளில் மூன்று பஞ்சர். டயர் மட்டமா? (வாசகி, தாம்பரம்)

டயரைக் குறை சொல்வதற்கு முன் சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். ஏரிக்கரை, சாலை ஓரம், தரிசு என்று எங்கும் அதுதான். வேலி வெட்டிப் போட்ட இடத்தில் காய்ந்த முள் டயரையும் ட்யூபையும் சேர்த்துக் குத்தும். மூன்று பஞ்சரும் ஒரே முள்ளால் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முள்ளின் தண்டு வெளியே ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புது ட்யூபை மாட்டிக் காற்றடித்ததும் அது மறுபடி குத்தும்.

இனிமேல் டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பஞ்சரானால் ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எத்தனை சாண் என்று அளந்தால், டயரில் அதே தூரத்தில் முள் இருக்கும். ட்யூபைத் திருப்பிப் பிடித்திருக்கலாம் என்பதால் வால்வுக்கு இரு பக்கமும் தேடுங்கள். டயரின் உட்பக்கம் ஒரு பழந்துணியை மெதுவாக ஓட்டினால் நூல் சிக்கும் இடத்தில் நுனி நிற்கிறது. விரலால் தடவாதீர்கள். ஊக்கால் வெளியே நெம்பித் தள்ளி, நகவெட்டியால் பிடித்து இழுங்கள்.

ட்யூபில் இரண்டு ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்த மாதிரி இருந்தால் முள் காரணமல்ல. காற்று குறைவாக இருந்து, கல்லில் இடித்து ரிம் நசுக்கியிருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் ட்யூபோடு ஓட்டினால் முன்னால் 38, பின்னால் 42 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். ட்யூப்லெஸ் என்றால் 30, 34.

முள் நாட்டில் ட்யூப்லெஸ்தான் சரி என்பது எங்கள் கட்சி. ஒரு சக்கரத்துக்கு 60 முதல் 80 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். சென்னை வெயிலில் இரண்டு, மூன்று மாதத்தில் அது வற்றிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது சளசளப்பு கேட்காவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள், அடைத்துக்கொள்ளும். அப்போதும் ஒரு ட்யூப் பையில் இருக்கட்டும். பக்கவாட்டில் கிழிந்தால் சீலன்ட் உதவாது.

கேள்வி: ஜவ்வாது மலையில் இரண்டு நாள் சுற்ற நினைக்கிறோம். காட்டுக்குள் ஓட்ட முடியுமா? (வாசகர், பெரம்பூர்)

சென்னை–ஜோலார்பேட்டை தடத்தில் வாணியம்பாடியில் இறங்கினால் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று ஏறிப்போகலாம். மறுநாள் போளூர் பக்கம் இறங்கலாம். காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1986-இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். இந்தச் சாலை தார்ச்சாலை. மண் பாதை என்பது அதிலிருந்து மலைக்கிராமங்களுக்குப் பிரியும் கிளைகள். சாமை வயல், புளியமரம், குடிசை என்று போகும் இவற்றில் ஓட்டலாம். எதிரே மாடு வந்தால் இறங்கி நில்லுங்கள்.

காப்புக்காடு என்று பலகை உள்ள பாதையில், ஆள் இல்லை என்பதற்காக அனுமதியின்றி நுழையாதீர்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அத்துமீறல் அதில் குற்றம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இந்த மலை சந்தனத்துக்குப் பேர்போனது, அதனால் பையோடு சுற்றும் வெளியூர்க்காரரை விசாரிப்பது இயல்பு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீ பயம் உண்டு, அனுமதி கிடைப்பது கடினம். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். மழைக்குப் பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். கரடி நடமாட்டம் உள்ள மலை, ஆகவே ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேருங்கள்.

ரயிலில் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்துக்கு அட்டை வைத்துச் சாக்கால் கட்டுங்கள். வண்டி ஓரிரு நிமிடமே நிற்கும் நிலையத்துக்குப் பதிவதில் சிக்கல் வரும். ஜோலார்பேட்டைக்குப் பதிந்துவிட்டு அங்கிருந்து ஓட்டுவது நிம்மதி.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வழியில் கடை இருக்கும் என்று நம்பி ஏறாதீர்கள். பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு உங்கள் மாடலுக்கே உரியது. வளைந்தால் மலையில் கிடைக்காது, ஒன்று கூடுதலாகக் கொண்டுபோங்கள். செயின் அறுந்தால் இணைக்க ஒரு குவிக் லிங்க்கும் வேண்டும்.

கேள்வி: ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை 34–28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) ஏற முடியுமா? (வாசகர், வேளச்சேரி)

ஏறலாம், முட்டிதான் பேசும். செங்குத்தான இடத்தில் மணிக்கு 7 கி.மீ. வேகம் என்று வைத்தால், அந்தக் கியரில் நிமிடத்துக்கு 44 சுற்றுதான் மிதிப்பீர்கள். பின்னால் 34 பல் போட்டால் அதே வேகத்தில் 53 சுற்று. பின் டிரெய்லியரின் கூண்டு நீளமானதா, செயின் நீளம் போதுமா என்று பார்த்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். வளைவின் உட்பக்கம்தான் அதிகச் செங்குத்து. எதிரே வண்டி இல்லாதபோது வெளி ஓரமாக வாருங்கள்.

கேள்வி: இறக்கத்தில் டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது, பிடியும் குறைகிறது. (வாசகி, மேடவாக்கம்)

செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்தீர்களா? அந்தத் தூவல் டிஸ்க்கில் படிந்தால் இப்படித்தான் ஆகும். டிஸ்க்கை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் காப்பாற்றுவது வீண் வேலை, மாற்றிவிடுங்கள். இனி செயினுக்குச் சொட்டு எண்ணெய்தான். கம்பி இழுக்கும் டிஸ்க் என்றால் பேடு தேயத் தேய, அதைப் பிடித்திருக்கும் காலிப்பரில் உள்ள திருகைக் கையால் முடுக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, நேரில் விட்டுவிட்டால் டிஸ்க் ஆறும்.

கேள்வி: ஊருக்குள் நாய் துரத்தினால்? (வாசகர், ஆவடி)

தாரில் வேண்டுமானால் மிதித்துத் தப்பலாம், சரளையில் முடியாது, வழுக்கும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போடத் தொடங்குங்கள்.